பன்னிரண்டாவது வரி

என் தம்பி கடைசியாக அனுப்பிய பேட்ச் பதினொரு வரிகளை நீக்கி நான்கு வரிகளைச் சேர்த்தது. இன்றைக்கும் அது அவன் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் போய்ப் பார்த்தால் நீக்கிய வரிகள் பன்னிரண்டு என்றுதான் காட்டும். அந்த ஒரு வரியைப் பற்றி அம்மாவிடம் நான் சொன்னதில்லை.

நாங்கள் இருவரும் வெவ்வேறு அலுவலகங்களில் வேலை பார்த்தோம். அந்த வேலைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து, சம்பளம் இல்லாமல், எங்கள் விருப்பத்துக்குச் செய்தது கெர்னல் வேலை. கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரல் அது. திரையில் தெரிவது எதுவும் அதில்லை. திரையைத் தெரிய வைப்பது அது. பல ஆயிரம் பேர் பல ஊர்களிலிருந்து அதை எழுதுகிறார்கள். யாரும் நேராகப் போய் அதில் கைவைக்க முடியாது. எந்த வரி போகிறது, எந்த வரி வருகிறது என்று மின்னஞ்சலில் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி லிஸ்ட் என்கிற பொது மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் பேட்ச். இன்னொருவர் படித்து, சரிதான் என்று தன் பெயரைக் கீழே எழுத வேண்டும். பிறகுதான் அது உள்ளே போகும்.

எங்கள் பங்கு மிகச் சிறியது. பழைய எடை இயந்திரங்களையும் தண்ணீர் இறைக்கும் நிலையங்களின் மீட்டர்களையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஓர் அட்டை உண்டு. அந்த அட்டையை இயக்குகிற நிரலுக்குப் பெயர் டிரைவர், ஆயிரத்து நானூறு வரி. தம்பி அதன் பொறுப்பாளன். நான் படித்துப் பார்ப்பவள். பொறுப்பாளர்களின் பட்டியலில் அவன் பெயருக்கு அடுத்த வரியில் என் பெயர் இருந்தது.

"என் பையன் டிரைவர் எழுதுறான்" என்று அம்மா உறவினர்களிடம் பெருமையாகச் சொல்வாள். என்ன வண்டி என்று கேட்பார்கள். கெர்னல் என்றால் என்ன என்று அவள் ஒருமுறை கேட்டபோது, அகராதியில் பருப்பு என்றுதான் போட்டிருக்கிறது என்றான் தம்பி. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதான் ரெண்டு பேரும் பெரிய பருப்பு மாதிரி பேசிட்டுத் திரியறீங்களா" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அது பருப்பு வேலை ஆயிற்று. என் பேட்சில் தவறு கண்டுபிடித்தால் தம்பி பக்கத்து அறையிலிருந்து "உன் பருப்பு வேகல, அக்கா" என்பான். சரியாக இருந்தால் "வெந்துருச்சு." அம்மாவுக்கும் அந்த இரண்டு சொற்கள் பழகிவிட்டன. யார் மேசையில் உட்கார்ந்திருந்தாலும் "வெந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடக் கூப்பிடுவாள்.

இன்னொரு சொல்லும் உண்டு, அது லிஸ்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பேட்ச் என்பது மாறுகிற வரிகளை மட்டும்தான் காட்டும். கூடவே இடம் புரிவதற்காக மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி. படிக்கிறவர்கள் அந்த மூன்று வரியோடு நின்றுவிடுவார்கள். தவறு நான்காவது வரியில் இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் மின்னஞ்சலை விட்டுக் கோப்பைத் திறக்க வேண்டும். சோம்பேறிகள் திறக்க மாட்டார்கள். தம்பி யாருடைய பேட்சைத் திருப்பி அனுப்பினாலும் "நான்காவது வரியைப் பாருங்கள்" என்ற ஒரே வாக்கியத்தோடு அனுப்புவான். அதற்காகச் சிலர் அவனைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். பார்த்தவர்கள் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

முப்பத்தாறு வயதில் அவன் பேருந்து நிறுத்தத்தில் வலிப்பு வந்து விழுந்தான். மூளையில் கட்டி. தலையைத் திறந்து, எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மிச்சத்துக்குக் கதிர்வீச்சு, அதன் பிறகு மாதா மாதம் ஐந்து நாள் மாத்திரை. டாக்டர் நல்ல பெண்மணி. பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். எத்தனை மாதம் என்று சொல்ல மறுத்தார். கட்டி இருக்கும் இடம் அப்படி, யோசனை கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாம், மங்காமலும் போகலாம் என்றார்.

மருத்துவமனை சிற்றுண்டிச் சாலையில் நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். அவனால் மேசைக்கு அருகில் இழுத்துக்கொள்ள முடியவில்லை. முன்னால் குனிந்து, "அக்கா, ஒரு டீல்" என்றான்.

டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவானாம். ஆனால் மாதம் ஒரு பேட்ச் அனுப்புவானாம். நான் அதை மற்றவர் பேட்சைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும்.

"வேகலைன்னா வேகலைன்னு சொல்லணும். அன்னிக்கு எல்லாத்தையும் நிறுத்திடுவேன். நான் இல்லாத உடம்புக்கு எதுக்கு மாத்திரை?"

"லூசு மாதிரி பேசாத."

"லூசு ஆயிட்டேனான்னு கண்டுபிடிக்கத்தான சொல்றேன்."

சிரித்துவிட்டேன். சிரித்ததை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அவ்வளவு தூரம் போகாது, அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும் அல்லது சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பேட்ச்களை உள்ளே சேர்க்கும் பொறுப்பை அவன் என்னிடம் ஒப்படைத்தான். முதல் மாதம் அவன் அனுப்பியது குறிப்பு ஒன்றில் இருந்த எழுத்துப்பிழைத் திருத்தம். இதெல்லாம் ஆட்டத்தில் சேர்த்தியில்லை என்றேன். இரண்டாம் மாதம், யாரும் பயன்படுத்தாத ஒரு மாறியை நீக்கினான். மூன்றாம் மாதத்துப் பேட்ச் அசல் வேலை. நான்கு வருடமாக என் கண்ணில் படாமலிருந்த ஒரு குறையைச் சரிசெய்திருந்தான். "வெந்துருச்சு" என்று கத்தினேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அந்த மாதங்களில் வேறு சில விஷயங்களும் நடந்தன. குழாயை மூடச் சொல்லும்போது அவனுக்குக் குழாய் என்ற சொல் வராமல், "அந்தக் கைப்பிடி" என்றான். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தான். ஒரே மின்னஞ்சலை இரண்டு முறை அனுப்பினான். மாத்திரைக் களைப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

நான்காவது பேட்சுக்கு எட்டு நாள் எடுத்தான். முன்பென்றால் அரை மணி நேர வேலை. சின்னச் சுத்தம் செய்தல்தான். டிரைவரில் ஒரு பகுதி, அட்டையைத் திறந்து வேலைக்குத் தயார்செய்வது. அது முதலில் ஒரு பூட்டைப் போடும். தான் வேலை செய்யும்போது வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்பதற்காக. பிறகு நினைவகம் கேட்கும். பிறகு இன்னும் இரண்டு காரியம். எங்காவது தோற்றால், வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூட்டையும் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். பழைய நிரலில் தோற்கிற ஒவ்வோர் இடத்திலும் வெளியேறும் வரிகளைத் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரி வரிகள், மூன்று தடவை. தம்பி அவற்றை எடுத்துவிட்டு, எல்லாரும் வெளியேற அடியில் ஒரே வாசல் வைத்தான். அந்த வாசலில் பூட்டைத் திறக்கும் வரி இருக்கும். நல்ல யோசனை. பார்க்கவும் அழகாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் படித்தேன். மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி, எல்லாம் சரி. அவன் பழக்கிய பழக்கம், கோப்பைத் திறந்தேன். முதல் இடத்தில், காட்டப்படாத நான்காவது வரியில், பழைய நிரல் அங்கேயே பூட்டைத் திறந்துவிட்டிருந்தது. அவன் அந்த வரியை எடுக்காமல் விட்டிருந்தான். ஆகவே அங்கே தோற்றால் பூட்டு இரண்டு முறை திறக்கும். இரண்டுக்கும் நடுவில் வேறொருவர் உள்ளே போய்த் தாழிட்டிருந்தால், அவருடைய தாழ் திறந்துகொள்ளும். அவருக்கு அது தெரியாது. பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேலையைச் செய்துகொண்டிருப்பார்.

மூன்று தடவை படித்தேன். பிறகு என் மேசைக்கடியில் இருந்த பழைய அட்டையில் ஓட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றே தோற்க வைத்தேன். பதினேழாவது தடவையில் கம்ப்யூட்டர் உறைந்துபோயிற்று.

எங்கள் வேலையைக் கற்கிறவர்கள் முதல் மாதத்தில் செய்கிற தவறு அது. தம்பி இருபது பேரை அந்தத் தவறுக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பெண் கொடியில் படுக்கை விரிப்புகளை இழுத்து இழுத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மாத்திரைச் சுற்று வியாழக்கிழமை தொடங்க வேண்டும். அதை மட்டும் யோசித்தேன். வியாழன் தாண்டட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். என் காலடி கேட்டதும் திரும்பாமலே கேட்டான்.

"வெந்துச்சா?"

"வெந்துருச்சு."

"நாலாவது வரி பாத்தியா?"

"பாத்தேன்."

அதுவாவது உண்மை. அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவன் திரும்பவில்லை. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு, "எட்டு நாள்" என்றான், தனக்கே சொல்லிக்கொள்வது போல. சந்தோஷமாகத்தான் சொன்னான்.

லிஸ்டுக்கு, படித்துச் சரிபார்த்தேன் என்று என் பெயரைப் போட்டு எழுதினேன். பிறகு உள்ளே சேர்க்கும்போது அந்த நான்காவது வரியையும் சேர்த்து நீக்கினேன். பதினொன்று பன்னிரண்டாயிற்று. இப்போது அது சரியான பேட்ச்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. இன்னொருவருடைய பேட்சில் ஓர் எழுத்தை மாற்றினாலும், மாற்றியவர் சதுர அடைப்புக்குறிக்குள் தன் பெயரையும் மாற்றியதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். அவன் செய்யாததை அவன் தலையில் கட்டக் கூடாது என்பதற்காக. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. எழுதியதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன். இரண்டு நாளில் எங்களுக்கு மேலே இருக்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அங்கே போனது போனதுதான். பிறகு யாரும் அதைத் திருத்த முடியாது. மேற்கொண்டு புதிதாகத்தான் எழுத முடியும்.

அந்த வாரம் அவன் நன்றாக இருந்தான். தானே குளித்தான். அம்மாவிடம் இன்னொரு கரண்டி போடச் சொன்னான். வியாழக்கிழமை ஒரு பேச்சும் பேசாமல் மாத்திரையை விழுங்கினான். ஐந்து நாளும் விழுங்கினான்.

லிஸ்டில் ஒரு பெரியவர் உண்டு. முகம் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. விளக்கக் குறிப்புகளில் காற்புள்ளி விடுபட்டால்கூட எழுதிக் கேட்பார் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் காற்புள்ளி. மாத்திரைச் சுற்று முடிந்த பின் வந்த புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, என் அலுவலகத்தில் அவருடைய மின்னஞ்சலைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதியிருந்தார். லிஸ்டில் வந்த பேட்சில் பதினொரு வரி; உள்ளே போயிருப்பதில் பன்னிரண்டு. பன்னிரண்டுதான் சரி, பதினொன்றாக இருந்தால் பூட்டு இருமுறை திறக்கும். சேர்க்கும்போது திருத்தியிருந்தால் அடைப்புக்குறி வரியைக் காணோம். திருத்திய பேட்ச் தனியாக வந்து எனக்குத் தவறிவிட்டதா? சிறிய விஷயம், மன்னிக்கவும்.

வீட்டுக்குத் தொலைபேசினேன். அம்மா எடுத்தாள். தம்பி மேசையில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருக்கிறான், காலையிலிருந்தே நல்ல தெம்பாக இருக்கிறான் என்றாள்.

நான் போய்ச் சேரும்போது மணி ஒன்று. அவன் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. திரையில் இரண்டு பேட்ச்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான்.

"பன்னெண்டு" என்றான்.

பையைக் கீழே வைத்தேன்.

"எப்ப பாத்த?"

"அன்னிக்கே."

"வெந்துருச்சுன்ன."

"ஆமா."

திட்டுவான் என்று நினைத்தேன். அவன் திட்டவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டான்.

"அது போகட்டும். அவர் சொன்னதுக்கப்புறமும் எனக்குத் தெரியல, அக்கா. காலைலேர்ந்து பாத்துட்டே இருக்கேன். அந்த வரி ஏன் போகணும்னு எனக்குப் புரியவே இல்ல. சொல்லிக்குடு."

ஒரு தாளை எடுத்து வரைந்து சொன்னேன். இங்கே பூட்டு, இங்கே திறப்பு, இங்கிருந்து அடியில் இருக்கிற வாசல், அங்கே மறுபடியும் திறப்பு. அவன் என் விரல் போன இடமெல்லாம் கண்ணைக் கொண்டுபோனான். முடித்ததும் "சரி" என்று தலையாட்டினான். டாக்டர் ஸ்கேனைக் காட்டி விளக்கும்போது அம்மா ஆட்டுகிற மாதிரி இருந்தது.

பிறகு அவன் லிஸ்டுக்கு ஒரு பதில் எழுதினான். இரண்டு வாக்கியத்துக்கு நாற்பது நிமிடம். பன்னிரண்டு சரி என்கிறார்கள். பதினொன்று என்னுடையது.

"என் பேரை அதுலேர்ந்து எடுத்துடு" என்றான்.

"மேல போயிடுச்சுடா. எடுக்க முடியாது."

"அடைப்புக்குறியாவது போட்டிருக்கலாம்ல."

அவன் என்னிடம் குறையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

மறுநாள் மாத்திரைப் பெட்டியை அம்மாவிடம் கொடுத்து, இனி வேண்டாம் என்றான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை மாடிக்குக் கூட்டிப்போய், "நீ சொன்னா கேப்பான்டி, நீ சொல்லு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லத்தான் செய்தேன். மாத்திரைக்கு அவன் இணங்கவில்லை; அம்மாவுக்காக ஒரு ஸ்கேனுக்கு மட்டும் வந்தான். அடுத்த வாரம் எடுத்த அந்த ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. அதிகமில்லை, கொஞ்சம். டாக்டர் முதன்முறையாகப் பேனா மூடியை விட்டுவிட்டுப் படத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். இன்னும் இரண்டு சுற்று கொடுத்துப் பார்க்கலாம், யோசனைகூடக் கொஞ்சம் தெளியலாம் என்றார். அவன் டாக்டரின் அறைக்கு வர மறுத்து வெளியே காரில் இருந்தான். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சுருங்கியிருக்குடா."

அவன் என்னைப் பார்த்தான்.

"நீதான சொல்ற" என்றான்.

"நான் இல்லடா, டாக்டர் சொல்றாங்க. வா, வந்து நீயே பாரு."

"பாத்தா எனக்குத் தெரியுமா? நீ பாத்து வெந்துருச்சும்ப."

கேலியாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். உள்ளே டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்கேன் உண்மை. நான் அவனிடம் சொன்னவற்றிலேயே மிகப் பெரிய உண்மை அதுதான், அதைச் சொல்ல என்னிடம் வேறு வாய் இல்லை.

ஏழு வாரம் இருந்தான். கடைசி மூன்று வாரம் என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. ஒருநாள் அம்மா அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது, "ஏன்டா நிறுத்தின?" என்று கேட்டாள். அவனுக்குக் காரணம் நினைவில்லை. எனக்கு இருந்தது. கதவருகே நின்றிருந்தேன், தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டேன்.

பொறுப்பாளர் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுக்க வேண்டும். அவன் முகவரிக்கு மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு அதற்கும் ஒரு பேட்ச் எழுதினேன். ஒரு வரி நீக்கம், சேர்ப்பு எதுவுமில்லை. மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி. அனுப்பிவிட்டு மூடிவிட்டேன்.

காற்புள்ளியிடமிருந்து பதில் வந்தது. இரங்கல் ஒரு வாக்கியம். காற்புள்ளிகள் சரியாக இருந்தன. அதற்குக் கீழே: நான்காவது வரியைப் பாருங்கள்.

கோப்பைத் திறந்தேன். காட்டப்படாத நான்காவது வரியில், இந்த டிரைவர் பராமரிக்கப்படுகிறது என்று அப்படியே இருந்தது. பராமரிப்பவர் இல்லாமல் அந்தச் சொல் அங்கே இருக்கக் கூடாது. என் பெயரைப் பொறுப்பாளர் வரிக்கு ஏற்ற வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். மாற்றினால் அதற்குக் கெர்னலில் இருப்பது ஒரே சொல்: அநாதை.

பொறுப்பாளர் என்றால், முகம் தெரியாதவர்களுக்கு இது சரி, இது சரியில்லை என்று சொல்கிறவர். அவர் சொன்னதை நம்பி எங்கேயோ ஒரு நிலையம் தண்ணீர் இறைக்கும். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அவன் வரியையும் அதன் கீழே இருந்த என் வரியையும் நீக்கி, நான்காவது வரியில் அநாதை என்று எழுதி அனுப்பினேன். காற்புள்ளி காரணம் கேட்கவில்லை. படித்துச் சரிபார்த்தேன் என்று தன் பெயரைப் போட்டார். அன்று மாலையே அது உள்ளே போயிற்று.

நான் அவனுடைய மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட வந்தவள் வாசலில் நின்றாள். அவன் போனபிறகு அந்த வார்த்தையை அவள் சொல்லிக் கேட்டதில்லை.

"வெந்துச்சா?" என்றாள்.

"வெந்துருச்சும்மா."

நல்லது என்று சொல்லிவிட்டு, தட்டு எடுத்துவைக்கப் போனாள்.